சத்தம் விழுங்கும் குழாய்

ஜேர்மனியின் வுப்பர்டாலில் ஞாயிற்றுக்கிழமை துணி தோய்க்கும் மெசினைப் போட்டால், கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில் இடிப்பாள். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட கிழமையில், ஒரு வாடகை மண்டபத்தின் வாசலில் இருநூறு தமிழர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மூச்சுக்கூடப் பலமாக விடாமல் நின்றார்கள். உள்ளே நாதமடக்கி சுவாமி எழுந்தருளியிருந்தார்.

சுவாமி சாதாரண சுவாமி இல்லை. லிங்கம் கக்குவது, எலுமிச்சம்பழத்தில் இரத்தம் காட்டுவது எல்லாம் பழைய வித்தை. இவர் காலத்தோடு ஓடுகிறவர். இவர் விற்றது சைலன்சர். மந்திரம் ஏற்றிய சைலன்சர். துவக்கின் முனையில் பூட்டினால் வெடிச்சத்தத்தை அப்படியே விழுங்கிவிடும், பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, பொலிஸ்காரன் சட்டைப்பையைத் தடவினாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று முந்நூறு யூரோ. சுவாமியின் வீடியோவில் அவரே சொல்கிறார்: "வெத்துத் துவக்குக்கும் பூட்டலாம், அசல் துவக்குக்கும் பூட்டலாம். குழல் பேதம் பாராது."

ஒரேயொரு நிபந்தனை. வாங்கிய நாளிலிருந்து நாற்பத்தெட்டு நாள் மச்சம் மாமிசம் ஆகாது, அதுவரைக்கும் குழலைத் துவக்கில் பூட்டவும் ஆகாது. பூட்டிப் பார்த்தால் சக்தி ஓடிப்போகும். சக்திக்கு என்ன வெட்கமோ தெரியவில்லை.

அந்த வரிசையில் ஞானசுந்தரமும் நின்றார். பாண் தொழிற்சாலையில் மாவு மூட்டை தூக்குகிறவர். விடியமுன் வேலைக்குப் போகும் வழியில் இரண்டு பொடியள் அவரைத் தள்ளி விழுத்திவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். போனது ஒரு பழைய போனும் சாப்பாட்டுப் பெட்டியும்தான். ஆனால் அதற்குப் பிறகு இருட்டில் தனியே நடக்கப் பயந்தார். சட்டப்படி விண்ணப்பித்து, அனுமதிக் காட் எடுத்து, குண்டில்லாமல் வெடிக்கிற சத்தத் துவக்கு ஒன்று வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம். சுவாமியின் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு குழாயையும் வரவழைத்தார்.

குழாய் வீட்டுக்கு வந்த அன்றே மனைவி கஜந்தி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உந்தத் துவக்கு என்னத்துக்கு?"

"கள்ளனை வெருட்ட."

"அதுக்குள்ள குண்டு இருக்கோ?"

"இல்லை. சத்தம் மட்டுந்தான்."

"அப்ப உந்தக் குழாய்?"

"சத்தத்தை அடக்க."

"அப்ப கள்ளன் எதைக் கண்டு பயப்பிடுவான்? உங்கட முகத்தைக் கண்டோ?"

"நீர் விளங்காமல் கதைக்கிறீர். இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் போட ஏலாது. ஹவுஸ்ஒர்ட்னுங் இருக்கு."

சிரிக்காதீர்கள். இருபத்தேழு வருசம் வாடகை வீட்டில் குதிக்கால் நிலத்தில் படாமல் நடந்து பழகிய மனிசன் அவர். கள்ளன் வந்தாலும் வீட்டு ஒழுங்குவிதி மீறாமல் அவனை விரட்டவேண்டும் என்று நினைத்ததில் ஒரு நேர்மை இருந்தது. மூளைதான் கொஞ்சம் வெளியில் போயிருந்தது.

கஜந்தி அதோடு நிற்கவில்லை. துவக்குக்குக் காட் கொடுத்த ஒபிசுக்கே போன் அடித்துக் கேட்டாள். கேட்டதை அப்படியே வந்து சொன்னாள்.

"அசல் துவக்குக்கு என்ன சட்டமோ, அதில பூட்டுற சைலன்சருக்கும் அதே சட்டமாம். வேட்டைக்காரருக்கு வேட்டைத் துவக்குக்குக் குடுக்கினமாம். கள்ளனுக்குப் பயம் எண்டு றோட்டில கொண்டு திரிய எங்களுக்குத் தராயினம். அனுமதி இல்லாமல் வீட்டில வைச்சிருந்தாலே வழக்கு."

ஞானசுந்தரம் குழாயைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் ஒளித்தார். ஏனென்றால் இரண்டு மாதம் கழித்து வரும் பதினாலாம் தேதி அவருக்கு ரெர்மின். குடியுரிமைக் கந்தோரில் நேரில் வரச்சொல்லிக் குறித்த நாள். ஜேர்மன் பாஸ்போட்டுக்கு அவர் போட்ட அன்ட்ராக், அந்த விண்ணப்பம், இரண்டரை வருசம் மேசை மேசையாகப் படுத்துறங்கி, இப்போதுதான் எழும்பி உட்கார்ந்திருக்கிறது. பொலிசில் ஒரு வழக்கு விழுந்தால் அது நிரந்தரமாகப் படுத்துவிடும். எறிவோமா என்றால், குப்பையில் யாராவது கண்டால் என்ன செய்வது? வைப்போமா என்றால் நித்திரை வரவில்லை. கடைசியில் சுவாமியையே கேட்போம் என்று நாற்பத்தெட்டாவது நாள் இந்த மண்டபத்துப் பூசைக்கு வந்துவிட்டார். கஜந்தியும் கூட வந்தாள். சாமி கும்பிட அல்ல.

உள்ளே சுவாமி காவிச் சால்வையோடு கண்ணை மூடி இருந்தார். மேசையில் நாற்பது ஐம்பது குழாய்கள் பளபளத்தன. பக்கத்தில் டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்த ஸ்ரீராம், கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினியர், எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது சூப்பர்ஸ்டிஷன் இல்லைங்க. ப்யூர் சயின்ஸ். மந்திரம்ங்கறது ஒரு ஃப்ரீக்வென்சி. சத்தமும் ஒரு ஃப்ரீக்வென்சி. ரெண்டும் கேன்சல் ஆயிடும்."

படித்த வாய் சொன்னதும் கூட்டம் தலையாட்டியது. படியாத வாய் சொல்லியிருந்தால் ஒருவேளை யோசித்திருக்கும்.

முறை வந்தது. ஞானசுந்தரம் வாயைத் திறக்கமுன் கஜந்தி திறந்தாள்.

"சாமி, இந்தக் குழாய் எந்தச் சத்தத்தையும் விழுங்குமோ?"

"அண்டத்தின் இடியையும் விழுங்கும் மகளே."

"இண்டைக்கு நாப்பத்தெட்டு நாள் முடிஞ்சுது. மனிசன் நெத்திலிக் கருவாடுகூடத் தொடேல்லை. சக்தி ஏறியிருக்கும்தானே?"

"ஏறிவிட்டது."

கஜந்தி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். பெண்பிள்ளைகள் சாவிக்கொத்தில் கொழுவித் திரிவார்களே, ஊசியை இழுத்தால் அலறுகிற அலாரம். ஊசியை இழுத்து, அலறுகிற பக்கத்தைத் தாங்கள் கொண்டுவந்த குழாயின் வாயில் வைத்து அமுக்கினாள்.

குழாய் விழுங்கவில்லை. துப்பியது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று வீரிட்டது. மேல்மாடியில் யாரோ தரையை உதைத்தார்கள். சுவாமியின் மூடிய கண் இரண்டும் எலுமிச்சம்பழ அளவுக்குத் திறந்தன.

கஜந்தி ஊசியைத் திரும்பக் குத்தினாள். மண்டபம் அமைதியானது.

சுவாமி வியர்வையைத் துடைத்தார். "அது பிளாஸ்டிக் சத்தம் மகளே. குழல் வெடிமருந்துச் சத்தத்துக்கு மட்டுந்தான் கட்டுப்படும்."

"கரெக்ட், கரெக்ட். ஃப்ரீக்வென்சி வேற," என்றார் ஸ்ரீராம்.

"ஓம் சாமி, இருக்கும்," என்றாள் கஜந்தி மெதுவாக. "நான் ஆணி செய்யிற இரும்புப் பபிரிக்கில சாமான் பாத்து அனுப்புற வேலை. எங்கட இடத்தில ஒரு ஆணி வெளியில போறதெண்டாலும், இது சரியான ஆணி எண்டு பாத்தவர் பேர் எழுதிக் கையெழுத்து வைக்கோணும். நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆரைப் பிடிக்கிறதெண்டு தெரியோணுமெல்லே. நீங்களும் ஒரு கையெழுத்து வைச்சால் போதும்."

ஒரு தாளை மேசையில் விரித்தாள். தமிழிலும் ஜேர்மனிலும் இரண்டே வரி. உரக்க வாசித்தாள்.

"இந்தச் சைலன்சர் அசல் துவக்கின் சத்தத்தை உண்மையாக அடக்கும். இதை இன்னாருக்கு விற்றவன் நான்."

சுவாமி பேனையைப் பார்த்தார். பேனை சுவாமியைப் பார்த்தது.

"துறவிக்குக் கையெழுத்து ஆகாது மகளே."

"காசுக்கு மட்டும் ஆகுமோ?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாமி," என்றாள் கஜந்தி, "இது வேலை செய்யும் எண்டால் நீங்கள் அனுமதியில்லாமல் ஆயுதம் வித்திருக்கிறியள். வாங்கின இவ்வளவு சனமும் வழக்கில மாட்டும். உங்கட வீடியோவும் இருக்கு. வேலை செய்யாது எண்டால் அதைச் சொல்லுங்கோ. ரெண்டில ஒண்டு. உங்களுக்கு அலுப்பு பஞ்சியெண்டால் சொல்லுங்கோ, பொலிசைக் கூப்பிட்டு அவையளையே கேப்பம். அவையின்ர கண்ணுக்குத்தான் குழாய் தெரியாதே, பயமில்லை."

அவள் போனைக் கையில் எடுத்தாள்.

சுவாமிக்கு அப்போது ஞானம் பிறந்தது. நாற்பத்தெட்டு நாள் விரதம் இல்லாமலே பிறந்தது. சால்வை தோளிலிருந்து வழுகியது. சுத்த யாழ்ப்பாணத் தமிழில் வாய் திறந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ. அது சைலன்சர் இல்லை. சத்தியமா இல்லை. திரைச்சீலை கொழுவிற கம்பிக் குழாய். நான் ஹனோவரில திரைச்சீலை பூட்டுற சிறீதரன். அறுத்து, மினுக்கி, முனையில மூடி போட்டனான். அதால ஒரு தும்மலைக்கூட அடக்க ஏலாது."

முடிந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சுவாமி, தனக்குச் சக்தி இல்லை என்று சனத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஸ்ரீராம் தன் போனில் ஏதோ அவசரமாகத் தேடினார். ஃப்ரீக்வென்சியாக இருக்கும்.

ஞானசுந்தரம் மெல்ல முன்னால் போனார். "தம்பி சிறீதரன், அதை எழுதித் தாரும். திரைச்சீலைக் கம்பி எண்டு. எனக்குப் பதினாலாம் தேதி ரெர்மின்."

சிறீதரன் எழுதிக் கையெழுத்து வைத்தார். ஞானசுந்தரம் தாளை மடித்து நெஞ்சுப்பையில் வைத்தார். அன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு விட்டார். குழாய்க் காசைத் திருப்பிக் கேட்டபோது, தவணையில் தருவதாகச் சிறீதரன் சத்தியம் பண்ணினார்; ஞானசுந்தரம் நம்பவில்லை. பொலிசில் முறையிட்டுக் காசை வாங்குவதாகச் சொன்னார்.

"இனிக் கள்ளன் வந்தால் என்ன செய்யிறது?" என்று கஜந்தியைக் கேட்டார்.

"கத்துங்கோ. பத்து மணிக்குப் பிறகும் கத்தலாம். எவ்வளவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எழும்பினமோ அவ்வளவுக்கு நல்லது."

இதைப் பார்த்த சனம் சும்மா இருக்குமா? எங்களுக்கும் எழுதித் தாரும் என்று இடித்துத் தள்ளியது. சிறீதரன் எழுதினார், எழுதினார், விரல் வீங்கும்வரை எழுதினார். வரிசையில் நின்ற கமலாம்பிகை அக்கா தன் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, திரும்ப நீட்டினா.

"சாமி, இதுக்கு மேல கொஞ்சம் திருநீறு போட்டுத் தாங்கோ. நல்லா இருக்கும்."

ஏமாற்றுகிறவன் கை வலித்தால் நிறுத்திவிடுவான். ஏமாறுகிறவர்களே, உங்களுக்கு எங்கே வலித்தால் யோசிப்பீர்கள்?