எவெலியோவின் ஏழு பக்கத் திட்டம்

சனிக்கிழமைப் படப்பிடிப்புக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போவதில்லை என்று எவெலியோ முடிவு செய்துவிட்டார். மெடெயின் நகரத்தில் இருபது வருடமாகப் புகைப்படம் எடுக்கிறவர். கல்யாணமாகியும் அதே இருபது வருடம். இரண்டில் எதில் கை தேர்ந்தவர் என்று கேட்டால் கேமராவில்தான் என்பார், கொஞ்சம் மெதுவான குரலில்.

காரணம் இல்லாமல் இல்லை. போன தடவை ஜீன்ஸ் விளம்பரத்துக்குப் படம் எடுத்தபோது, மாடல் பெண்ணை வலது பக்கம் திரும்பச் சொன்னார். இடது பக்கம்தான் எடுப்பு என்றாள் கூட வந்திருந்த மனைவி மார்லெனி. பெண் இடது பக்கம் திரும்பினாள். எடுப்பாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலே அதுதான். கிளம்பும்போது கம்பெனி முதலாளி மார்லெனியின் கையைக் குலுக்கி, படமெல்லாம் பிரமாதம், உங்கள் உதவியாளரும் தங்கமான மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தடவை டோன்யா எல்வீரா என்ற அம்மாளின் ஃபாஹா கம்பெனி. ஃபாஹா என்பது வயிறு, இடுப்பு, தொடை எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்து உள்ளே தள்ளும் உடுப்பு. ஊரில் பாதிப் பெண்கள் அதற்குள்ளிருந்துதான் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு ஃபாஹா, ஒரு மாடல், ஒரே நாள். மார்லெனி இல்லாமல் அதை முடித்துக் காட்டினால்தான் தாமும் ஒரு புகைப்படக்காரர் என்று அவருக்கே நம்பிக்கை வரும்.

ஆகவே மனைவிக்கு வேலையே மிச்சமில்லாதபடி ஒரு திட்டம் போட்டார். பெரிய அட்டையில் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டினார். மாடல் எப்படி நிற்க வேண்டும், எப்படிச் சாய வேண்டும் என்று முப்பது சீட்டுகளில் வரைந்தார். அவர் வரைந்த பெண்களுக்கு முட்டி முன்னாலும் மடங்கியது, பின்னாலும் மடங்கியது. எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில், எந்தப் படத்துக்கு எந்த லென்ஸ், எப்போது காப்பி, எல்லாம் நிமிடக் கணக்கில். மொத்தம் ஏழு பக்கம். திங்கட்கிழமையே எல்வீராவுக்கும் மாடல் யேசெனியாவுக்கும் அனுப்பிவிட்டு, ஒரு நகலைக் காலைச் சோள ரொட்டியான அரேப்பா தட்டுக்குப் பக்கத்தில், மார்லெனியின் கண்ணில் படும்படி வைத்தார்.

அவள் ஏழு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மிஹோ" என்றாள், புருஷனை எப்போதும் கூப்பிடும் செல்லப் பேரில். "நான் வரலையா?"

"உனக்கு எதுக்கு சிரமம்? முட்டி வலின்னியே."

"முட்டி வலி எங்க அக்காவுக்கு."

"பரம்பரையா வரும். இப்பவே ஜாக்கிரதையா இருக்கணும்."

"உடுப்பு மாத்த ரெண்டு நிமிஷம்னு போட்டிருக்கியே?"

"தாராளம். நான் அரை நிமிஷத்துல சட்டை மாத்திடறேன்."

"அதுவும் சரிதான்" என்று மார்லெனி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சண்டைக்குத் தயாராக இருந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் ஜெயித்தது ஜெயித்ததுதானே. நாலு நாள் வீட்டுக்குள் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார்.

வெள்ளிக்கிழமை காலை யேசெனியா போன் செய்தாள். திட்டம் அருமை, ஒரே ஒரு சந்தேகம் என்றாள்.

"எனக்குக் கொக்கி மாட்டிவிடப் போறது யாரு, டொன் எவெலியோ?"

"என்ன கொக்கி?"

ஒரு ஃபாஹாவுக்கு மூன்று வரிசைக் கொக்கி. போட்டுக்கொள்கிறவள் படுத்து மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருத்தி முழங்காலை ஊன்றி இழுத்து மாட்ட வேண்டும். கால் மணி நேரமும் நாலு கையும் இல்லாமல் அது நடக்காது என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவள் விளக்கினாள்.

"அந்த மத்த ரெண்டு கை உங்களுதுன்னா நான் வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

எவெலியோ போனை வைத்தார். ஞாயிறுதோறும் சர்ச் பூசைக்குக் கிளம்பும் முன் சாத்திய கதவுக்குப் பின்னால் மார்லெனியும் அவள் அக்காவும் மூச்சு வாங்குவது கேட்கும். ஏதோ உடற்பயிற்சி என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தார். அக்காவுக்கு எதனால் முட்டி வலி என்பதும் இப்போதுதான் விளங்கியது.

சமையலறைக்குப் போய், யாரும் கேட்காமலே ஒரு தட்டை எடுத்துத் துடைத்தார்.

"நாளைக்கு உனக்கு ஏதாவது வேலை இருக்கா, மிஹா?"

"இருக்கே. படப்பிடிப்பு."

"யாரோட படப்பிடிப்பு?"

"நம்மளுதுதான். உன் திட்டத்தைத் திருத்தி செவ்வாய்க்கிழமையே எல்வீராவுக்கும் யேசெனியாவுக்கும் அனுப்பிட்டேன். உன்கிட்ட பக்குவமா சொல்றது யேசெனியா பொறுப்புன்னு பேசிக்கிட்டோம்."

காகிதத்தை நீட்டினாள். மூன்றே பக்கம். ஒவ்வொரு ஃபாஹாவுக்கும் கொக்கிக்கென்று இருபது நிமிடம். அவர் வரைந்த சீட்டுகளில் பன்னிரண்டை வைத்துக்கொண்டு முட்டிகளைச் சரி செய்திருந்தாள். தம்முடையதைவிட இது நல்ல திட்டம் என்று அவருக்கே தெரிந்தது. அதுதான் ரொம்ப வலித்தது. வருகிறவர்கள் என்ற தலைப்பின் கீழ் யேசெனியா, மேக்கப்காரி, மார்லெனி என்று மூன்று பேர் இருந்தார்கள்.

"என் பேரைக் காணோமே?"

"ஒழுங்காப் பாரு. இருக்கு."

இருந்தது. கடைசிப் பக்கத்தில், மறக்காமல் எடுத்துப்போக வேண்டிய சாமான்களில், இஸ்திரிப் பெட்டிக்கும் மடக்கு நாற்காலிக்கும் நடுவில்.