மீட்டர் சாருக்கு நெட் கொடுத்த கதை

ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கோவளத்தில் மொட்டை மாடியில் டிஷ் நிறுத்தி, சர்ச் தெரு, தர்கா தெரு, கோயில் தெரு, மீனவர் குப்பம் என்று வித்தியாசம் பார்க்காமல் கேபிள் டிவி கம்பி இழுத்தவன் நான். ஒரு புயலில் தென்னை மரங்களோடு என் கம்பியும் மொத்தமாகத் தரையில் படுத்தபோது, “இதோட இவன் கதை முடிஞ்சிது” என்று டீக்கடையில் பேசினார்கள். அந்த டீக்கடைக்கும் நான்தான் மறுபடி கனெக்‌ஷன் கொடுத்தேன். அப்புறம் ரெண்டாயிரமாவது வருஷத்துக்கு மேல் இன்டர்நெட் வந்தது. இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான், ஈசிஆர் கடற்கரைச் சாலையோரம் வீடு வீடாக அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

புயல் கூட என்னை இவ்வளவு படுத்தியதில்லை. என்னை உண்மையாகப் படுத்திய ஒரே மனிதர் மீட்டர் சார்தான்.

அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தெற்கே உள்ள ஆராய்ச்சி ஆபீசில் வேலை. காலையில் ஆபீஸ் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு போன், சாயங்காலம் இறங்கியதும் ஒரு போன். ஹலோ கிடையாது, நல்லா இருக்கீங்களா கிடையாது.

“அண்ணாச்சி, நூத்தித் தொண்ணூறு.”

அது நெட் வேகம். அவர் வாங்கியிருந்த பிளான் இருநூற்று ஐம்பத்தாறு கேபி. மீதி எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டும். இப்படி அளந்தே மீட்டர் சார் ஆனவர்.

“சார், வேகம்னா ஏறும், எறங்கும். இப்ப இன்னா வேலை கெட்டுப் போச்சு?”

“காலைல நல்லா ஓடுது, சாயங்காலம் நொண்டுது. என்ன வே நடக்கு ஒம்ம லைன்ல?”

கோபம் வந்தால் அண்ணாச்சி போய் ‘வே’ வந்துவிடும். என் மகள் கல்யாணத்தில் மேடையேறி மணமக்களுக்குப் பரிசு கொடுத்தார். போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றார். இன்றைக்கும் ஆல்பத்தில் பாருங்கள், எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம், அவர் மட்டும் என் காதுக்குள் வாயை வைத்திருக்கிறார். வாழ்த்து சொல்கிறார் என்று என் சம்பந்தி நினைத்துக்கொண்டார். மீட்டர் சாரோ “தொண்ணூறுக்கு எறங்கிட்டு அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் கண்டுபிடிப்பதிலும் அவருக்கு ஓய்வில்லை. மோடம் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சல் அடிக்கு” என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, வியர்வையில் நனைந்தபடி தான் உட்கார்ந்திருப்பார். ஒரு பௌர்ணமியன்று, கடல் பொங்கினால் நெட் இறங்குகிறது என்று எனக்கு வகுப்பே எடுத்தார். “கடல் பக்கமே போவாத கம்பி சார் அது!” என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் நச்சரிப்பு தாங்காமல் தேடப் போய்த்தான் என் லைனின் நோய்கள் எனக்கே தெரிந்தன. லைனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று சர்ச் தெரு மேரி அக்கா வீட்டு மாடியில் இருந்தது. எங்கள் தொழிலில் அப்படித்தான். பெட்டிக்குக் கரன்ட் கொடுக்கிற வீட்டுக்கு கேபிள் இலவசம். அந்த அக்கா தண்ணி மோட்டார் போடும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கி, பெட்டி மயங்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், உப்புக்காற்றில் கம்பி முனையின் செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் நெட்டில் உட்கார்ந்தார்கள். ஒரே குழாயில் பத்துக் குடம் வைத்தால் எந்தக் குடம் நிறையும்? பெட்டிக்கு பேட்டரி வைத்தேன், முனைகளை வெட்டி மாற்றினேன், லைனைப் பெரிசாக்கினேன். எல்லாம் என் மூளை.

அப்படியும் போன் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் இருந்த அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர் வீட்டம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பேத்தியைத் தொடவும் முடியாது, தூக்கவும் முடியாது. பேர் வைக்கிற அன்று காதில் மூன்று தடவை பேரைச் சொல்வதாவது எங்கம்மா குரலாக இருக்கட்டும் என்று மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அங்கே காலை, இங்கே விளக்கு வைக்கிற நேரம். கேமரா வழியாக முகம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மீட்டர் சார் என் ஆபீசுக்கே வந்து நின்றார். வேகம் எதுவும் சொல்லவில்லை.

“அண்ணாச்சி, அன்னைக்கு மட்டும் கைவிட்டுராதீக.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேர் வைக்கிற நாள் காலையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். “இன்னிக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் யாரும் நெட்டைத் தொடாதீங்கப்பா, மீட்டர் சார் வூட்டுல விசேஷம்.” ஒருத்தர்கூட மறுக்கவில்லை. மேரி அக்கா, “நான் மோட்டாரே போடல போ. அந்தம்மா பேத்தியைப் பாக்கட்டும்” என்றார்.

நேரத்துக்கு அவர் வீட்டில் போய் உட்கார்ந்தேன். அம்மா பட்டுப்புடவை கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, கம்ப்யூட்டர் முன்னால் கை கூப்பியபடி இருந்தார். அந்தப் பக்கம் மருமகன் இன்னொரு ஹெட்போனைக் குழந்தை காதருகே கொண்டுவந்தார். கொண்டுவந்தபடியே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி. குழந்தை முகம் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தது.

“பிள்ளைக்கு மூக்கு எங்க இருக்குன்னே தெரியலியே” என்று அம்மா அழ ஆரம்பித்தார்.

மீட்டர் சார் பின்னறைக்கு ஓடினார், வந்தார். “நாப்பது அண்ணாச்சி!” மறுபடி ஓடினார், வந்தார். “முப்பத்தஞ்சு வே!”

“ஏன் இப்படி அங்கயும் இங்கயும் ஓடுதீக? ஒரு எடத்துல இருங்க!” என்றார் அம்மா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டர் இங்கே இருக்கிறது. இந்த மனுஷன் பின்னறையில் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்?

போய்ப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதே லைனில் ஒரு கம்பி. வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய ஃபைலை இறக்கிக்கொண்டிருந்தது.

“இது இன்னா சார்?”

“வேகம் பாக்க வேண்டாமா? ஃபைலை எறக்கி, வேகத்தைப் பாத்துட்டு, அழிச்சிட்டு, மறுபடி எறக்குவேன்.”

“எப்பெப்ப?”

“எப்பவும்தான்.”

சோறு வெந்ததா என்று பார்த்துப் பார்த்தே பானையில் பாதியைத் தின்று தீர்த்த கதை. எதிரே இருந்த கம்பியை ஒரே இழுப்பில் பிடுங்கினேன்.

கூடத்தில் மருமகனுக்கு வாய் மூடியது. குழந்தைக்கு மூக்கு வந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “யாழினி… யாழினி… யாழினி” என்றார். அந்தப் பக்கம் குழந்தை தலையைத் திருப்பியது. சத்தியமாகத் திருப்பியது, நான் பார்த்தேன்.

மீட்டர் சார் பிடுங்கிய கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். மெல்லக் கேட்டார்: “இப்ப எவ்வளவு இருக்கும் அண்ணாச்சி?”

“இப்ப யாரும் அளக்கல சார். அதான் வருது.”

மறுநாளிலிருந்து மற்ற வீட்டுப் புகார்களும் பாதியாகக் குறைந்தன. சில வருஷத்தில் அவர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். இப்போது என் லைனெல்லாம் ஃபைபர். யாரும் போன் செய்வதில்லை. நன்றாக ஓடுகிறது என்று நானே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் குழந்தை இந்நேரம் பெரிய பெண்ணாகியிருக்கும். உன் பேரை ஆச்சி கோவளத்திலிருந்து சொன்னாள் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். சொன்னது ஆச்சிதான், மறுக்கவில்லை. அதைக் கடல் தாண்ட வைத்தது யார் கம்பி? வீடு வீடாகப் போய்க் கெஞ்சியது யார்? அதையும் அவளுக்குச் சொல்லியாக வேண்டும். வேறு யார் சொன்னாலும் எனக்குக் கணக்கில்லை. மீட்டர் சார், அதை உங்கள் வாயால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.