அப்பாவின் நாக்கு நீலமான விவரம்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை.

பேரன்புமிக்க டில்லிபாபு மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வைதேகி வணங்கி எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். வேலூரில் நீங்களும் அத்தையும் நலமென்றே நம்புகிறேன். அப்பா நலமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் எழுத முடியாததால்தான் இவ்வளவு தாள் செலவாகிறது.

தி.நகர் கடையில் அப்பா பத்தொன்பது வருடமாக நின்றபடியே பட்டுப்புடவை காட்டுவது உங்களுக்குத் தெரியும். முந்தானையைத் தன் தோளிலேயே போட்டு, வந்தவர் பக்கம் சாய்ந்து, "இன்னா லுக்கு பாரும்மா" என்பார். ஒரு பெண்மணி கடையின் கருத்துப் புத்தகத்தில் "புடவை நன்று, காட்டுபவரிடம் வெங்காய சாம்பார் வாசனை" என்று எழுதிவிட, அம்மா உங்களுக்குப் போன் செய்ய, உங்கள் கம்பெனியின் நீல மவுத்வாஷ் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பிறகு முதலாளி, வேளச்சேரிக் கிளைக்கு அப்பாவை மேற்பார்வையாளராக அனுப்புவதாகச் சொன்னார். அந்த வேலைக்கு நாற்காலி உண்டு, மாமா. ஆனால் மருத்துவரிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். பக்கத்து வீட்டு ஜைதூன் பீ தன் கருவியில் அப்பாவின் ரத்த அழுத்தத்தை அளந்தார். நூற்று ஐம்பத்தெட்டு! "அரே தங்கவேலு, இத்தோட போனா நாற்காலி இல்லப்பா, கட்டில்தான் குடுப்பாங்க" என்றார். அம்மா அழுதேவிட்டார்.

அந்த வாரம்தான் பள்ளி நூலகத்தில் ஓர் அறிவியல் இதழைப் படித்தேன். நம் நாக்கின் பின்பக்கம் சில நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றனவாம். கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை அவைதான் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து உடம்பு தயாரிக்கும் ஒரு வாயு ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, அழுத்தத்தைக் குறைக்கிறது. வீரியமான சில மவுத்வாஷ்கள் கெட்டவற்றோடு இந்த நல்லவற்றையும் கொன்றுவிடுவதால் சிலருக்கு அழுத்தம் சற்று ஏறலாமாம். "இவை சிறிய ஆய்வுகளே, இன்னும் உறுதியாகவில்லை" என்றும் போட்டிருந்தது. அந்த வரியை மட்டும் நான் வேகமாகப் படித்துவிட்டேன்.

ஆகவே, மாமா, உங்கள் மவுத்வாஷை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டு, அதே பாட்டிலில் புதினா கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றினேன். நிறம் வர வேண்டுமே என்று கேக்கில் போடும் நீலச் சாயமும் சேர்த்தேன். எத்தனை சொட்டு என்று அளக்காதது என் தவறு. அம்மாவிடம் சொல்லித் தினமும் பீட்ரூட் பொரியல், பீட்ரூட் சாம்பார், பீட்ரூட் துவையல். "இன்னா பொன்மணி, மார்க்கெட்ல வேற காயே இல்லியா?" என்று அப்பா கேட்டாலும் சாப்பிட்டுவிட்டார். நீலமும் சிவப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஓவிய வகுப்பில் படித்திருக்கிறேன். அது நினைவுக்கு வரவில்லை.

கடையில் ஒரு கல்யாணக் கும்பல் இரண்டு மணி நேரம் நாற்பது புடவையைக் கலைத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கிறது. அப்பா, "இருங்கம்மா, இன்னும் உள்ள கீது" என்று சிரித்திருக்கிறார். மணப்பெண்ணின் அத்தை நின்றுவிட்டார். "அண்ணே, அந்தக் கலர்ல காட்டுங்க."

"எந்தக் கலரும்மா?"

"உங்க நாக்கு கலர்ண்ணே! இதைத்தான் காலையிலேருந்து தேடறோம்."

கத்திரிப்பூ நிறத்தில் ஏழு புடவை விற்றது. தனக்கு ராசி வந்துவிட்டதென்று அப்பா அன்றைக்கு இருமுறை கொப்பளித்தார்.

நேற்று மருத்துவப் பரிசோதனை. மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னதும் அப்பா நீட்ட, அவர் எழுந்தே நின்றுவிட்டாராம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் நாக்கு நீலமாகுமாம்! "சார், நான் நடந்துதான் சார் வந்தேன்" என்று அப்பா கத்தக் கத்தத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஈசிஜி எடுத்திருக்கிறார்கள். இதயம் அருமை. அழுத்தம் நூற்று இருபத்தாறு. பாக்டீரியாக்கள் வென்றுவிட்டன, மாமா! ஆனால் மருத்துவர், "நாக்கு ஏன் இப்படி இருக்குன்னு தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன், திங்கக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சொல்லாவிட்டால் அப்பாவுக்கு நாற்காலி போய்விடும். சொன்னால் எனக்கு என்ன போகும் என்று தெரியவில்லை. தயவுசெய்து ஞாயிறன்று வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். மவுத்வாஷை மட்டும் இனி அனுப்பவே வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வாயில் வாழும் நல்லவர்கள் அனைவரும் நீடூழி வாழ்க.

பணிவுள்ள,
வைதேகி

பின்குறிப்பு (திங்கள் மாலை): தபால்தலை ஒட்ட மறந்ததால் கடிதம் என் பையிலேயே கிடந்துவிட்டது, நீங்களும் வரவில்லை. இன்று மருத்துவமனைக்கு நானே கூடப் போய், மருத்துவர் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அப்பா சிரிக்கவில்லை. பேருந்தில்தான் என் காதருகே குனிந்து, "உங்க மாமன் குடுத்த, மோந்தாலே எரியிற தண்ணிய நான் ஒரு நாள்கூட வாயில வெச்சதில்லடி. டெய்லி ஒரு மூடி பாத்ரூம்ல ஊத்திட்டு ஏலக்கா மென்னுக்கினே போவேன். நீ கலந்து வெச்சதுல புதினா வாசன வந்துச்சேன்னு வாயில ஊத்திப் பாத்தேன், அதுதான் எரியாம சூப்பரா இருந்துச்சு" என்றார். ஆக, நான் காப்பாற்றிய பாக்டீரியாக்களுக்கு ஆபத்தே வந்ததில்லை. அந்த நூற்று ஐம்பத்தெட்டு, அரிசி மூட்டையோடு மூன்று மாடி ஏறி வந்த மறுநிமிடம் அளந்ததாம். மவுத்வாஷைத் தான் கொட்டியதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார், படிக்காததுபோல் இருந்துகொள்ளுங்கள். அடுத்த பெட்டியைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லி அம்மா கேட்கிறார். குளியலறைத் தரை இவ்வளவு பளபளப்பாக இருந்ததே இல்லையாம்.