மெயின் சுவிட்சில் மூன்று பூட்டு

அன்று கிட்வாய் நகர் வீட்டில் இருந்தவர்கள் நானும் பூட்டு சாரும். இல்லாதது செல்வமும் கரண்டும்.

டெல்லியின் பூட்டுக்கடைகளில் பாதி, பூட்டு சாரால் பிழைக்கின்றன. நிலக்கரிச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து டெல்லி ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவர். நானும் செல்வமும் அவரோடு தங்கியிருந்தோம்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம். மின்சார வேலை என்றால் மெயினை அணைத்துவிட்டு, உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டும் திறந்தால்தான் மெயினைப் போட முடியும். சார் அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"டியூப்லைட் மாத்தவுமா சார்?" என்பான் செல்வம்.

"நீ சுரங்கத்துல இல்ல, வீட்டுல இருக்கேன்னு கரண்டுக்குத் தெரியுமா?"

அன்று காலை கூலரைத் தொட்டால் ஷாக் அடித்தது. மூவரும் பூட்டுப் போட்டுச் சரிசெய்தோம். முடித்ததும் நானும் சாரும் எங்கள் பூட்டுகளைத் திறந்தோம். செல்வம் மட்டும் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று, சாவியோடு நேரு பிளேசுக்கு ஓடிவிட்டான். போனையும் எடுக்கவில்லை.

மதியம் எனக்கு ஆன்லைனில் வேலைக்கான இன்டர்வியூ. என் லேப்டாப்பில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊரில் அப்பா வேலைக்குப் போகாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செல்வத்தின் பூட்டை உடைக்கச் சுத்தியலை எடுத்தேன். சார் மெயின் போர்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சார், அவன் நேரு பிளேஸ்ல இருக்கான்."

"சாவி அவன்கிட்டதான? அப்ப அவன் உள்ளதான் இருக்கான்."

"வேலைதான் முடிஞ்சு போச்சே சார்."

"அப்படிச் சொல்லித்தான் தம்பி அங்க ஒருத்தன் பூட்டை உடைச்சான். உள்ள என் கூட்டாளி இருந்தான்."

சுத்தியலைக் கீழே வைத்தேன். சார் எழுந்து செருப்பை மாட்டினார்.

"கிளம்பு. இன்டர்வியூவை அவன் ஆபீஸ்லயே குடு. அப்படியே ஆளைக் கூட்டிட்டு வந்துடலாம்."

"சாவியை மட்டும் வாங்கினா போதாதா சார்?"

"ஆள் வரணும்."

செல்வத்தின் ஆபீஸ் கேன்டீனில் ஒரு பிளக் கிடைத்தது. சார் அதை டெஸ்டரால் சோதித்த பிறகே என் லேப்டாப்புக்கு அனுமதி. நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கேன்டீன்காரர் டீ கெட்டிலுக்காக என் ஒயரைப் பிடுங்க வந்தார். சார் சுவிட்சின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"ருக்கோ பையா. அந்தர் ஆத்மி ஹை."

நில்லுங்கள், உள்ளே ஆள் இருக்கிறானாம். நான் முடித்து எழும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

வேலை கிடைத்தது. அன்று செல்வம் பாதி நாள் லீவு போட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து, தன் கையால் பூட்டைத் திறந்தான். ஆட்டோவுக்குப் போக வர, காத்திருந்ததற்கும் சேர்த்து, சார் கொடுத்தது நானூறு ரூபாய். பூட்டின் விலை எண்பது.