எலுமிச்சை ரம் கலந்து கொடுத்த விவரம்

விவேக் நகர், பெங்களூரு
ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய டேவிட் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் ரெமிஜியஸ் வணக்கத்துடன் எழுதுவது. குழந்தை இயேசுவின் கருணையால் நானும் பவுலினும் இங்கே சுகம். எனக்குப் பிரஷர் மாத்திரை ஒன்றிலிருந்து ஒன்றரை ஆகியிருக்கிறது, மற்றபடி சுகம். கோவாவில் தாங்களும் மௌரீன் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் முழங்கால் படியேற ஒத்துழைக்கிறது என்றும் நம்புகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பீர்கள். பையன் கிறிஸ்டோபர் வந்தான். சாப்பிட்டான். என்னோடு பேசினான். இரண்டு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போய்விட்டது மச்சான். நேற்றிலிருந்து எனக்குப் பசிக்கிறது. எட்டு இட்லி சாப்பிட்டேன், பவுலின் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

வாட்ஸப்பில் சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீங்கள் எழுதிக் கொடுத்த கலவைக் குறிப்பு இருக்கிறதே, அது தொலைந்துவிடக் கூடாதே என்று போன மாதம் போட்டோ எடுத்துப் பவுலினுக்கு அனுப்பினேன். அது எங்கள் பங்குக் கோவில் மதுவிலக்கு சபையின் வாட்ஸப் குழுவில் போய் விழுந்துவிட்டது. ‘அறுபது மில்லி, புதினா ஒரு கை, சர்க்கரைப் பாகு கொஞ்சம், ஐஸ் போட்டுக் குலுக்கு, மேலே சோடா.’ நல்லவேளை, ரம் என்று வரும் இடமெல்லாம் மடிப்பில் மறைந்திருந்தது. சபையின் செயலாளரான நானே அனுப்பியதால் நாற்பத்தொரு பேர் கை கூப்பினார்கள். ஒருவர் மட்டும் அறுபது மில்லி எதில் என்று கேட்டார். ஓமத் தண்ணீர், வாயுவுக்கு நல்லது என்று பதில் போட்டேன். மறுநாள் இரண்டு பேர் குடித்துப் பார்த்து நல்ல குணம் தெரிகிறது என்று எழுதினார்கள். அன்றோடு போனில் எதையும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தடவை சொல்லி ஆற்றிக்கொள்கிறேன். இரண்டு வருடம் முன்பு கிறிஸ்டோபரின் ஆபீஸ் நண்பன் கல்யாண ரிசப்ஷனில் அவன் கையில் பீர் கிளாஸைப் பார்த்தேன். சட்டையில் சபை பேட்ஜ் குத்தியிருந்த நான், அவன் ஆபீஸ் ஆட்கள் பத்துப் பேர் நடுவில், குடிகாரப் பயலே என்று கத்தினேன். அவன் கிளாஸை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்து போனான். முப்பத்தொரு வயதுப் பிள்ளை. மறு வாரம் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குக் கோவிலுக்கு வருவான், மெழுகுவத்தி ஏற்றுவான், மூன்று தெரு தள்ளி இருக்கும் நம் வீட்டுக்கு வராமல் திரும்பிப் போவான். அம்மாவோடு போனில் பேச்சு உண்டு. நான் பக்கத்தில் நின்றால் சிக்னல் போய்விடும்.

கிறிஸ்துமஸுக்கு வந்த நீங்கள், எலுமிச்சை வாசனை ஏற்றிய அந்த வெள்ளை ரம் பாட்டிலைத் திறந்து, நீங்கள் ஒரு பெக் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என் கையில் கொடுத்துச் சொன்னீர்கள்: “மாப்ள, உங்களுக்கு மன்னிப்புன்னு வாயால சொல்ல வராது. அவனைக் கூப்பிட்டு உங்க கையால ஒரு கிளாஸ் கலந்து குடுங்க. அது போதும்.” முப்பது வருடம் கப்பலில் ஊர் உலகத்துக்கெல்லாம் கலந்து கொடுத்த கை உங்களுடையது. இருபத்தாறு வருடமாக சொட்டு தொடாத என்னிடம் அந்தப் பாட்டிலைக் கொடுத்தது பெரிய தைரியம்தான். அதை பீரோ மேலே, கம்பளிக்குப் பின்னால், மாதாவின் படத்துக்கு முதுகு காட்டி வைத்தேன்.

தவக்காலம் தொடங்கிய அன்றுதான் பவுலினிடம் வாயைத் திறந்தேன். ஈஸ்டர் சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிடு, நான் கலந்து கொடுக்கப் போகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தக் காகிதம் போதாது. ஆனால் கூப்பிட்டாள். அவனும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். அதற்குள் நான் தொழிலைக் கற்றாக வேண்டும். மச்சான், கோபப்படக் கூடாது, தங்கள் குறிப்பை நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கொடுத்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். முப்பத்திரண்டு வருடம் தர ஆய்வில் இருந்தவன் நான். ‘ஒரு கை புதினா’ என்றால் யாருடைய கை? உங்கள் கையா, என் கையா? ‘எலுமிச்சை பார்த்துப் பிழி, ரம்மிலேயே மணம் இருக்கிறது’ என்கிறீர்கள், எவ்வளவு நேரம் பார்ப்பது? நானாக ஓர் அளவு வைத்தேன். புதினா பதினோரு இலை. பாகு, இருமல் மருந்து மூடியில் ஒன்றரை. எலுமிச்சை வட்டம் நாலு மில்லிமீட்டர் கனம், அளவுகோல் வைத்தே வெட்டினேன்.

நாகேஷ் கடையில் ஒரு டஜன் சோடாவும் இரண்டு கட்டுப் புதினாவும் வாங்கினேன். அவன் என் பேட்ஜையும் சோடாவையும் மாறி மாறிப் பார்த்தான். “என்ன சார், மனேல விசேஷமா?” என்று வீட்டு விசேஷத்தைக் கன்னடம் கலந்து விசாரித்தான். வாயு என்றேன். பன்னிரண்டு சோடாவுக்கான வாயுவா என்று அவன் கேட்கவில்லை, முகம் கேட்டது.

குலுக்குவதற்கு வீட்டில் பாத்திரம் இல்லை. கிறிஸ்டோபர் ஜிம்முக்குப் போன காலத்தில் சத்து மாவு கலக்கிய பிளாஸ்டிக் ஷேக்கர் பரணில் கிடந்தது. அதில் எல்லாவற்றையும் போட்டு, நீங்கள் காட்டிய மாதிரி தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினேன். அவசரத்தில் சோடாவையும் உள்ளேயே ஊற்றிவிட்டேன். மூடி மேல்கூரையில் போய் அடித்து, மிச்சம் பங்குக் காலண்டர் மேலே, குருத்து ஞாயிறு வரைக்கும் நனைத்துவிட்டது. பவுலின் அடுப்பங்கரை வாசலில் நின்று, சோடா மேலேதான் என்று அண்ணா எழுதியிருக்கிறாரே என்றாள். துடைத்தேன். அரை மணியில் எறும்பு வரிசை கட்டி வந்தது. தவக்காலத்தில் எறும்புகூடக் குடிக்க வருகிறதே என்று எனக்கு மன வருத்தம். தவிர, தவக்காலம் ஆனதால் கலந்ததை ருசி பார்க்க எனக்கு வழியில்லை. மூக்கால் மட்டும் ஆய்வு செய்தேன். எலுமிச்சை வாசனை மட்டும்தான் வந்தது. எங்கள் அப்பா குடித்துவிட்டு வந்தால் தெருமுனையிலேயே நாறும். உயர்ந்த சரக்கு நாறாது போலிருக்கிறது என்று தங்கள் தேர்வை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பிறகு சோடாவை மேலே ஊற்றிக் கலந்த இரண்டையும் செம்பருத்தித் தொட்டியில் ஊற்றினேன்.

சனிக்கிழமை வரைக்கும் அவனிடமிருந்து பதில் இல்லை. எனக்குத் தூக்கம் இல்லை. வராமல் போனால் இனி எப்போதும் வரமாட்டான் என்று மனதில் பட்டுவிட்டது. அதைப் பவுலினிடம் சொல்லவில்லை, அவளுக்கும் அப்படியே பட்டிருந்ததால் அவளும் என்னிடம் சொல்லவில்லை.

ஞாயிறு பன்னிரண்டரைக்கு பைக் சத்தம். பேக்கரி ஈஸ்டர் முட்டை ஒரு பெட்டியோடு வாசலில் நின்றான். இளைத்திருக்கிறான். தாடி வைத்திருக்கிறான். ‘வா’ என்று சொல்ல நினைத்து ‘வெயிலா?’ என்று கேட்டுவிட்டேன். ஆமா என்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது அதுதான்.

கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி கிளாஸ்களை, முப்பத்திநாலு வருடம் ஷோகேஸில் இருந்தவற்றை, வெளியே எடுத்தேன். ஐஸ் தட்டு வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது, அதைக் கடைசி நிமிடத்தில்தான் முகர்ந்து பார்த்தேன், ஆனாலும் போட்டேன். புதினாவைக் கசக்கினேன், குலுக்கினேன், சோடாவை மேலே மட்டும் ஊற்றினேன், நாலு மில்லிமீட்டர் வட்டத்தைக் கிளாஸ் விளிம்பில் செருகினேன். பலகாரத் தட்டில் வைத்துக் கொண்டு போய் அவன் முன்னால் நீட்டினேன். அவன் தட்டைப் பார்த்தான், என் சட்டையைப் பார்த்தான். அன்றைக்கு நான் பேட்ஜ் குத்தவில்லை.

எடுத்து ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். எனக்கு உயிர் போய்விட்டது, மீன் வாசனைதான் என்று நினைத்தேன்.

“நல்லா இருக்குப்பா,” என்றான். முழுக் கிளாஸையும் குடித்தான். இன்னொன்று கேட்டான்.

அவனைத் தனியே குடிக்க விடுவது முறையில்லை என்று எனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டேன். இருபத்தாறு வருட விரதம், நீங்கள் யோசித்துப் பாருங்கள். மூன்றாவது வாயிலேயே காது சூடாகிவிட்டது. பாதிக் கிளாஸில் சுவர்க் கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. எப்பேர்ப்பட்ட சரக்கு மச்சான் அது! நான் பேச ஆரம்பித்துவிட்டேன். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் அப்பா ஷிஃப்ட் முடிந்து குடித்துவிட்டு வரும்போது பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேரும் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்ததைச் சொன்னேன். பவுலினுக்குக்கூட முழுதாகச் சொல்லாத விஷயம். பிறகு சொன்னேன்: “அன்னைக்கு ரிசப்ஷன்ல நான் பாத்தது உன்னை இல்லடா. எங்க அப்பாவைப் பாத்தேன். பயந்துட்டேன். உன்மேல கத்துனது தப்பு. என்னை மன்னிச்சுக்கோ.”

தயவு செய்து ஒன்றை மனதில் வையுங்கள். மன்னிப்புக் கேட்டது நான் இல்லை, ரம். தெளிவாக இருந்திருந்தால் எனக்கு அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது, இது உங்களுக்கே தெரியும்.

அவன் என் கிளாஸை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, தாத்தாவைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாதுப்பா என்றான். சாப்பாட்டு நேரம் தாண்டி நாலு மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். பிரியாணியைப் பவுலின் மூன்று தடவை சூடு பண்ணினாள். மூன்றாவது கிளாஸையும் முடித்துவிட்டு அவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அப்பா, எனக்கு ஓவராயிடுச்சு. இந்த நெலமைல பைக் எடுக்கக் கூடாது. இன்னைக்கு இங்கயே படுத்துக்கறேன்,” என்றான். சபைச் செயலாளராக அந்தப் பொறுப்புணர்ச்சியை நான் பாராட்டினேன். அவன் பழைய அறையில் சபை பேனர்களை நகர்த்திப் பாய் விரித்தேன். காலையில் நாலு தோசை தின்றுவிட்டு ஆபீசுக்குப் போனான். வாசலில் நின்று அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றான். அம்மாவிடம் இல்லை, என்னிடம்.

விரதத்தை முறித்துவிட்டு சபையில் உட்கார எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதி உறையில் போட்டுவிட்டேன், நாளைக் கூட்டத்தில் கொடுப்பேன். வருத்தம் இல்லை. ஒரு சபை போய் ஒரு பிள்ளை வந்தால் கணக்கு சரிதான். தாங்கள் அடுத்த தடவை வரும்போது ஆரஞ்சு மணம் ஏற்றிய ரம் இருந்தால் ஒரு பாட்டில் கொண்டு வரவும்.

மௌரீன் அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்காகவும் சேர்த்து வியாழக்கிழமை ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். கடவுள் உங்கள் கையை இன்னும் நெடுநாள் நடுங்காமல் காக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த தங்கை கணவன்,
ரெமிஜியஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பவுலின் வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். உட்கார்ந்து சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். மச்சான், அந்தப் பாட்டிலில் ரம்மே இல்லை. நான் வாயைத் திறந்த திருநீற்றுப் புதன் அன்றைக்கே உங்கள் ரம்மை முழுதும் கிறிஸ்துமஸ் கேக்குக்கான திராட்சை ஜாடியில் கொட்டிவிட்டு, எலுமிச்சைத் தோல் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைத் தண்ணீரை வடிகட்டிப் பாட்டிலில் நிரப்பி வைத்திருக்கிறாள். “உங்க அப்பாவை நானும் பாத்திருக்கேன். எனக்கு இந்த வீட்ல அது வேணாம்,” என்றாள். அப்படியானால் சுவர்க் கடிகாரம் எப்படி இரண்டாகத் தெரிந்தது என்று கேட்டேன். கண்ணாடி போடவில்லை என்றாள். மன்னிப்புக் கேட்டது நானேதான் என்று ஆகிவிட்டது, அதை என்னவோ செய்து பொறுத்துக்கொள்கிறேன். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். ஆரஞ்சு ரம் வேண்டாம்.

கிறிஸ்டோபருக்குத் தெரியாதா, அவன் குடித்துப் பழகியவன் ஆயிற்றே என்று கேட்டேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டதாம். ஐஸ் எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து, “அப்பாகிட்ட சொல்லிடாதம்மா” என்றானாம்.

அடுத்த ஞாயிறு வருகிறான். பாட்டிலைப் பவுலின் மறுபடியும் கழுத்துவரை நிரப்பி வைத்திருக்கிறாள். பைக் எடுக்க முடியாத அளவுக்கு அவனுக்குக் கலந்து கொடுக்கப் போகிறேன்.