பலாப்பழத்துக்குத் தாலாட்டு

கல்யாணமான ஆண்பிள்ளையை மூன்று மாதம் தனியாக விட்டால் ஒன்று சமையல் கற்றுக்கொள்வான், இல்லாவிட்டால் கிறுக்குப் பிடித்துத் திரிவான். எனக்குக் கடைசிவரை சமையல் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டர். மனைவி சரசு தலைப்பிரசவத்துக்காகச் சேலத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். குவார்ட்டர்ஸில் நானும் ஜிம்மியும்தான். ஜிம்மி நாட்டு நாய். என் சமையலை முகம் சுளிக்காமல் தின்ற ஒரே ஜீவன். அந்த ஒன்றுக்காகவே அவன்மேல் எனக்கு உயிர்.

பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது மாமியார் குழந்தையை என் மடியில் வைத்தார். கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தார்.

"மூணாம் மாசம் கொண்டாந்து உடறமுங்க மாப்ள. அந்த நாயி ஒருக்கா உறுமுனாலும், குப்பனூர்ல எந் தம்பி தோட்டத்துக்கு அனுப்பிப் போடோணும். சரிங்களா?"

"சரிங்க அத்தை" என்றேன். திரும்பும்போது அடிவாரத்திலிருந்து மலை உச்சிவரை முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். (பஸ் வளைவுகளும் ஒரு காரணம்.)

ஜிம்மியைக் குழந்தைக்குப் பழக்க வேண்டும். குழந்தையோ சேலத்தில். யோசித்துப் பார்த்ததில், கைக்குழந்தையின் எடைக்கும் உருவத்துக்கும் கொஞ்சம் நெருங்கி வந்தது எஸ்டேட்டில் பலாக்காய் ஒன்றுதான். (முள்ளை நான் பெரிதுபடுத்தவில்லை.) அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு முற்றிய காய் ஒன்றைப் பறித்து, சரசுவின் பழைய சேலையில் சுற்றி, ஒண்டிக்கடை பஜாரில் வாங்கிய குழந்தைப் பவுடரை அப்பித் தூளியில் போட்டேன். திருஷ்டிப் பொட்டும் வைத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

"ஜிம்மி, கண்ணு தூங்குது" என்பேன். அவன் வந்து தூளிக்கடியில் படுக்க வேண்டும். படுத்தால் தின்ன ஒரு பொறை. சீக்கிரமே பொறை இல்லாமலும் படுத்தான். எனக்குத்தான் நிறுத்த மனம் வரவில்லை. ஒரு நாள் தூளியை ஆட்டி ஆராரோ பாடிக்கொண்டிருந்தபோது, ஸ்டோர் சாவி வாங்க வந்த தோட்டத்து ஆள் மாராயி சன்னல் வழியே பார்த்துவிட்டு, சாவி வாங்காமலே போய்விட்டாள். மறுநாள் முதல் தோட்டத்து ஆட்கள் என்னோடு கொஞ்சம் தள்ளி நின்றே பேசினார்கள்.

மாமியாரும் சரசுவும் குழந்தையோடு வரும் காலையில், அதற்குள் பழுத்துவிட்ட பலாவைச் சேலையோடு தூக்கிச் சமையல்கட்டு மூலையில் வைத்தேன். ஜிம்மி குழந்தையின் பாதத்தை முகர்ந்தான், வாலை ஆட்டினான். தூளியில் போட்டதும், "கண்ணு தூங்குது" என்றேன். அவன் தூளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விட்டான்.

"உறுமலையே. நல்ல நாயிதானாட்ட இருக்குது" என்றார் மாமியார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். அவர் காப்பி போடப் போனார்.

"ஏனுங் மாப்ள, பழம் இந்த மணம் மணக்குது. அறுத்துப் போடட்டுங்களா?"

கையில் எண்ணெய் தடவிக்கொண்டார். பழத்தைச் சுற்றியிருந்த சேலையை உருவினார். கத்தியை ஓங்கினார்.

ஜிம்மியின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள்.

அப்படியொரு உறுமலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முந்தானையைக் கவ்வி இழுத்ததில் கத்தி ஒரு பக்கம் போனது. மாமியார் ஒரு பக்கம் உட்கார்ந்தார். அவன் பழத்தின்மேல் முன்னங்காலை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"நாஞ் சொன்னனுங்களா இல்லீங்களா. இன்னிக்கே குப்பனூருக்கு அனுப்பிப் போடுங்க."

மானமா, ஜிம்மியா என்று ஆகிவிட்டது. மானத்தை விட்டேன். "அவன் உறுமினதே குழந்தைக்காகத்தானுங்க அத்தை" என்று தொடங்கி, பவுடர், பொட்டு, ஆராரோ எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த சரசு, கதவோரம் நின்று கேட்டாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாமியார் பழத்தில் இருந்த பொட்டை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு பலாப்பழத்துக்கே இந்தக் காவலுன்னா, எம் பேத்திய எவன் தொடுவான்? நாயி இங்கியே இருக்கட்டும் கண்ணு" என்றார் மகளிடம். "மாப்ளைய நம்பித்தான் புள்ளைய உட்டுட்டுப் போறதுக்கு ரோசனையா இருக்குது."

ஜிம்மியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பழத்தை அறுத்தோம். எனக்கு இரண்டு சுளைக்கு மேல் இறங்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் ஒரே மகளுக்கு வீட்டில் பெயர் 'சின்னவ'. பல வருஷம் கழித்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "பெரியவளக் கட்டிக் குடுத்தாச்சுங்களா?" என்று விசாரித்தார்கள்.

மாமியார் காப்பித் தட்டை நீட்டியபடியே சொன்னார்: "இல்லீங்க, அவளை அப்பவே அறுத்துத் தின்னுட்டமுங்க. நொம்ப இனிப்புங்க."