திவாலாக ஒன்பதாயிரம் குறைவு

கூட்டிப் பார்த்ததில் ஒன்பதாயிரம் குறைந்தது. வக்கீல் மறுபடியும் ஒரு தடவை கூட்டினார். அப்போதும் குறைந்தது.

"திவால் மனு போட, கடன் அஞ்சு லட்சமாவது இருக்கணும். உங்களுக்கு நாலு லட்சத்துத் தொண்ணூத்தோராயிரம்தான் வருது," என்றார், பரீட்சையில் கோட்டைவிட்டவனுக்கு மார்க் சொல்லும் குரலில்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு அவமானமாகப் போய்விட்டது. இந்தக் கடனால் மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்தவரிடம், இது போதாது என்கிறார்களே.

ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதில் நாலு மாதமாக வேலை இல்லை. வங்கியில் வாங்கிய தனிநபர் கடனுக்குத் தவணை நின்றது. காலை எட்டு மணிக்கு வசூல்காரர்கள் இருவர் வாசலில் வந்து நிற்பார்கள். பள்ளிக்குக் கிளம்பும் மகள்தான் கதவைத் திறந்து, "அப்பா ஊர்ல இல்லைங்க," என்பாள். பொய்யே சொல்லாத பிள்ளை. பீரோவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கால் வலிகூட அவ்வளவு இல்லை.

வக்கீல் வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். தவணைக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்டார்கள், மூன்று தவணை தவறியவருக்கு அது கிடையாது என்றது வங்கி. ஒரு தொகையை மொத்தமாகக் கட்டி முடித்துக்கொள்ளலாம். மொத்தமாக ஒரு தொகை இருந்தால் மனுஷன் ஏன் பீரோவுக்குப் பின்னால் நிற்கப் போகிறார்? மிச்சம் இருந்தது திவால் மனு. கோர்ட் அதை ஏற்றுக்கொண்டால், முடிவு தெரியும்வரை யாரும் வாசலுக்கு வர முடியாது.

"யார்கிட்டயாவது ஒன்பதாயிரம் கைமாத்து வாங்கிடட்டுமா?"

"திவாலாகணும்னே கடன் வாங்கினா அது மோசடி. பழைய கடன்ல ஏதாவது வட்டி விட்டுப்போச்சான்னு பாருங்க. குடுத்தவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

முதலில் மனைவியின் அண்ணனிடம் போனார். அவருக்குப் பத்தாயிரம் தரவேண்டும். விவரம் கேட்டதும் மைத்துனரின் முகம் வெளிறிவிட்டது.

"கோர்ட்டுல என் பேரு வருமா? வேண்டாம் மாப்ளே. அந்தப் பணத்தை நீங்க எப்பவோ திருப்பிக் குடுத்துட்டீங்க."

கொடுக்கவில்லை என்று இவர் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். மைத்துனர் பிடிவாதமாக, பாக்கி இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது குறைவு பத்தொன்பதாயிரம். வக்கீல் மனுவைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

மளிகைக்கடையில் ஆறாயிரம் பாக்கி. ஐந்து வருஷமாக ரோட்டில் கண்டால் கூப்பிட்டுக் கேட்கிற கடைக்காரர், கணக்கு நோட்டு கோர்ட்டுக்குப் போகும் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்தையே கிழித்துக் கசக்கிப் போட்டார். அந்த நோட்டு கோர்ட்டுக்கு மட்டுமல்ல, வரி ஆபீசுக்கும் காட்டக்கூடாத நோட்டு. போகும்போது இவருக்கு ஒரு சோப்பு வேறு இனாமாகக் கொடுத்தார். குறைவு இருபத்தைந்தாயிரம். மனு மூன்றாம் முறையாக எழுதப்பட்டது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கடன் வாங்காதீங்கன்னு சொன்னப்ப முழுசாக் கேட்டிருக்கணும். இல்லாட்டி கேட்காமலே இருந்திருக்கணும். இப்படி அரைகுறையா வாங்கி வச்சா இப்படித்தான்."

கடைசி நம்பிக்கை வங்கி. அன்றைய தேதிவரை வட்டி போட்டு ஒரு கணக்குத் தாள் வாங்கினால் கொஞ்சமாவது ஏறியிருக்கும். நொண்டிக்கொண்டே மேனேஜர் அறைக்குள் போனார். மேனேஜர் அந்தக் காலைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். நாலு மாதக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"அசல்ல கைவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அபராத வட்டி பதினஞ்சாயிரத்தை மட்டும் தள்ளுபடி பண்ணிடறேன்."

"வேண்டாங்க," என்றார் மெக்கானிக் பதறிப்போய். "அதை அப்படியே வச்சிருங்க."

இந்தக் காலத்தில் இப்படி ஒரு ரோஷக்காரரா என்று மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக எல்லாரும் மெக்கானிக்கிடம் நல்லவர்களாக நடந்துகொண்டார்கள். அதனால் குறைவு நாற்பதாயிரம் ஆகிவிட்டது.

வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். டைப் அடிக்கும் அம்மாள் மட்டும் இருந்தார். மெக்கானிக் வங்கித் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாளைக் காலை எட்டு மணிக்கு மகள் மறுபடி கதவைத் திறக்க வேண்டும். அதை நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அம்மாள் தாளைப் படித்தார். ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ கூட்டினார். பிறகு மனுவின் கடைசிப் பக்கத்தை மெஷினில் செருகி ஒரு வரி அடித்து, அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஏண்ணே கலங்கறீங்க? நீங்க வந்து போனது, மனுவை மூணு தடவை எழுதினது எல்லாம் சேர்த்து எங்க ஃபீஸ் நாப்பத்திரெண்டாயிரம், கையெழுத்துப் போடுங்க, இப்ப நீங்க தாராளமா திவாலாகலாம்."